ஆக்டேவியா ஆர்.எஸ். வேகனும் என் கேம்ரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியின் மேற்கே டூங்காபியில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 2018 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட். போன மாதம் ஒரு சனிக்கிழமை, செகண்ட் ஹேண்டில் விற்பனைக்கு நின்ற 2022 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வேகனை ஓட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து கோயிலில், பிறந்தநாள் விழாவில், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலில் என்று ஆளாளுக்கு ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

வேகன் என்றால் என்ன வண்டி?

கார்தான். ஆனால் பின்னால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காது. கூரை அப்படியே கடைசிவரை போய், கதவு மேல் நோக்கித் திறக்கும். எஸ்.யூ.வி. போல உயரமாக நிற்காது, காரின் உயரம்தான். ஊரில் பழைய டாடா எஸ்டேட் ஞாபகம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எல்லோரும் எஸ்.யூ.வி. வாங்குகிறார்கள். உங்களுக்கு ஏன் இது?

வீணை. மகள் வீணை கற்கிறாள். பெட்டியோடு சேர்த்து நாலரை அடி. கேம்ரியின் டிக்கி 524 லிட்டர் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பெரிய சூட்கேஸை அலுங்காமல் விழுங்கவும் செய்யும். ஆனால் வீணையைக் குறுக்கே வைத்தாலும் உள்ளே போகாது. பின்சீட்டை மடக்கி நெடுக்கே தள்ளலாம் என்று பார்த்தால், டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள திறப்பு சின்னது. தண்டி நுழையும், குடம் நுழையாது. அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் வீணை பின்சீட்டில் மகாராணி போல் படுத்துக்கொண்டு வரும். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கும்போது யார் எங்கே உட்காருவது என்பது ஒரு பஞ்சாயத்து.

எஸ்.யூ.வி. இரண்டு பார்த்தோம். இடம் இருந்தது. ஓட்டும்போது அலமாரியைத் தள்ளிக்கொண்டு போவது போல் இருந்தது. இது என் ரசனை, சண்டைக்கு வராதீர்கள்.

டர்போ என்று சொல்கிறார்களே, அது உண்மையில் என்ன செய்கிறது?

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன் மூச்சுக்கு எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு காற்றை இழுத்துக்கொள்ளும். டர்போ எஞ்சினுக்கு ஊட்டிவிட ஆள் இருக்கிறது. புகையாக வெளியே போகிற வாயு போகிற போக்கில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய சமாச்சாரம் அது. அமுக்கிய காற்று சூடாகிவிடும் என்பதால், நடுவே இன்டர்கூலர் என்று ஒன்றை வைத்து ஆற்றி அனுப்புகிறார்கள். காற்று அதிகம் என்றால் அதற்கேற்ற பெட்ரோலும் எரிக்கலாம். இரண்டு லிட்டர் எஞ்சின் மூன்று லிட்டர் எஞ்சின் வேலையைச் செய்கிற மாயம் இதுதான்.

ஒரே தொந்தரவு, காலை அழுத்திய அந்த நொடியில் புகை வேகம் போதுமான அளவு இருக்காது. சக்கரம் வேகம் எடுக்கும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும். டர்போ லேக் என்பது அந்தக் காத்திருப்புதான். பழைய டர்போ வண்டிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடலாம், அதற்குப் பிறகு முதுகில் உதைத்தது போல் கிளம்பும். இப்போதைய எஞ்சின்களில் அது மிகவும் குறைந்துவிட்டது. அறவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிக்கப் எப்படி? கேம்ரியைவிட எவ்வளவு வேகம்?

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். ஆர்.எஸ். வேகனின் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினின் சக்தி 180 கிலோவாட், இழுவை 370 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 7 விநாடிக்குள் என்பது கம்பெனி கணக்கு. கேம்ரியின் இரண்டரை லிட்டர் எஞ்சின் தனியாக 131 கிலோவாட், ஹைபிரிட்டின் மின்மோட்டாரையும் சேர்த்தால் 160. நூறைத் தொட 8 விநாடி சுமாருக்கு ஆகும். காகிதத்தில் பார்த்தால் ஒரு விநாடிச் சமாச்சாரம். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும்.

வித்தியாசம் அந்த ஒரு விநாடியில் இல்லை. வேகன் தன் முழு இழுவையையும், எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுழலும்போதே கொடுத்துவிடுகிறது. கேம்ரி எஞ்சின் தன் 221 நியூட்டன் மீட்டரைக் கொடுக்க 3,600 சுற்று வரை ஏற வேண்டும். எம் 4 நெடுஞ்சாலையில் நுழையும் சரிவில் 60லிருந்து 100க்குப் போக கேம்ரியை மிதித்தால், எஞ்சின் ஒரே சுருதியில் அலறும், வண்டி பின்னாலேயே வந்து சேரும். வேகனில் பெருவிரலை ஊன்றினால் போதும். சத்தம் எதுவும் பெரிதாக மாறவில்லை. பக்கத்தில் வந்த லாரி மட்டும் கண்ணாடியில் சின்னதாகிவிட்டது.

ஆனால் எல்லோரும் விட்டுவிடுகிற பாதி ஒன்று இருக்கிறது. சிக்னலில் பச்சை விழுந்த முதல் பத்து மீட்டர், ரவுண்டானாவில் இடைவெளி பார்த்து நுழைவது, இதிலெல்லாம் என் கேம்ரிதான் முந்திக்கொள்கிறது. மின்மோட்டாருக்குக் காத்திருப்பு கிடையாது, தொட்டதும் நகரும். வேகனில் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ். உள்ளே இரண்டு கிளட்ச், ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. அடுத்த கியர் எப்போதும் தயாராக நிற்பதால் ஓடும்போது கியர் மாறுவதே தெரியாது. ஊர்ந்து போகும்போதுதான் சங்கடம். ரவுண்டானா வாசலில் பிரேக் பிடித்து, பாதி நின்று, சட்டென்று போகலாம் என்று மிதித்தேன். கிளட்ச் ஒட்டி டர்போ மூச்சுப் பிடிப்பதற்குள் அரை விநாடி. அந்த அரை விநாடியில் பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். ஏழு வருடத்தில் கேம்ரியில் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

ஸ்போர்ட் மோடில் போட்டால் இந்தத் தயக்கம் பாதி குறைகிறது. ஆனால் அப்போது கூடவே ஸ்பீக்கர் வழியாக ஒரு உறுமலும் வருகிறது. மகள் அதைக் கேட்டுவிட்டு, “அப்பா, கார் ஏன் நடிக்குது?” என்றாள்.

வளைவுகளில்?

இங்கே பேச்சே இல்லை. டூரலிலிருந்து கால்ஸ்டன் கார்ஜ் வழியாக ஹார்ன்ஸ்பி பக்கம் இறங்கினேன். தெரியாதவர்களுக்கு: பள்ளத்தாக்குக்குள் ஊசி வளைவுகளாக இறங்கி, அடியில் ஒற்றை வழிப் பழைய மரப்பாலத்தைத் தாண்டி, மறுபக்கம் அதேபோல் ஏற வேண்டும். நீளமான லாரிகளுக்கு அனுமதி இல்லை. கொல்லிமலைப் பாதையைச் சுருக்கிக் கையில் கொடுத்தது போல் இருக்கும்.

அங்கே வேகமாகப் போக முடியாது, போகவும் கூடாது. முப்பதில் போனாலே வண்டியின் குணம் தெரிந்துவிடும். ஏறும் வளைவில் பாதியில் காலை அழுத்தினால், முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டிகள் பொதுவாக வெளிப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். உள்பக்கச் சக்கரம் சும்மா சுழன்று வீணாகும். இந்த வண்டியில், இரண்டு முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலில் மின்னணு கிளட்ச் ஒன்று உண்டு. வெளிச்சக்கரத்துக்கு அதிக இழுவையை அனுப்பி, மூக்கை உள்பக்கம் திருப்பிவிடுகிறது. ஸ்டியரிங்கில் கை மாற்றாமலே பெரும்பாலான வளைவுகளைச் சுற்றிவிட்டேன். கேம்ரியில் அதே இடங்களில் கை மேல் கை போட வேண்டும், உடம்பும் சாயும். நான் ஏறினதும் சேல்ஸ் ஆள் சீட் பெல்ட்டை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டார். மேலே வந்து சேர்ந்தபோது போனை நோண்டிக்கொண்டிருந்தார். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

பின்சீட்டில் உட்கார்ந்தவர் என்ன சொன்னார்?

அம்மா வந்திருந்தார். திருச்சியில் அம்பாசடரில் பழகிய முதுகு. எங்கள் தெருவில் இரண்டு வேகத்தடை, ஒரு சாக்கடை மூடி. மூன்றாவதைத் தாண்டியதும், “ஏன்டா தம்பி, இதுல ஸ்பிரிங் வெக்க மறந்துட்டாங்களா?” என்றார்.

காரணம் பெரும்பாலும் டயர். அந்த வண்டியில் இருந்தது 225/40, 19 அங்குலம். ரப்பர் சுவரின் உயரம் 225இல் 40 சதம், அதாவது 9 செ.மீ. என் கேம்ரியில் 215/55, 17 அங்குலம். கணக்குப் போட்டால் 11.8 செ.மீ. கிட்டத்தட்ட மூன்று செ.மீ. மெத்தை குறைச்சல். அதற்கு மேல் ஆர்.எஸ். சஸ்பென்ஷன் சாதாரண ஆக்டேவியாவைவிடத் தாழ்வானது, இறுக்கமானது. நெடுஞ்சாலையில் அதே இறுக்கம் சுகம். தெருவில் அம்மா சொன்னதுதான். சில வண்டிகளில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டேம்பர் (ஷாக் அப்சார்பர்) இருக்கும். செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நான் ஓட்டியதில் இல்லை.

கால் நீட்ட இடம் தாராளம். சொகுசில் கேம்ரிக்கே ஓட்டு, இடத்தில் இரண்டும் சமம் என்பது அம்மாவின் தீர்ப்பு.

வீணை போனதா, இல்லையா?

போயிற்று! பெட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். சேல்ஸ் ஆள் முதலில் அதைப் பார்த்து முழித்தார். பின்கதவைத் திறந்தால் இரு பக்கச் சுவரிலும் ஒரு சின்னப் பிடி. இழுத்தால் பின்சீட்டின் முதுகு தானாக மடிந்து விழுகிறது. சின்னப் பக்கத்தை மட்டும் மடக்கி, குடத்தைப் பின்கதவுப் பக்கம் வைத்து, தண்டியை முன்னால் விட்டோம். சீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு இடம். சீட் எதையும் மடக்காமலே 640 லிட்டர் என்பது கம்பெனி கணக்கு, ஆனால் எனக்கு லிட்டர் முக்கியமில்லை. திறப்பு அகலமாக, மேலே இடிக்காமல் இருந்ததுதான் முக்கியம். விளம்பரத்தில் போடும் லிட்டர் கணக்கை வைத்து டிக்கியை வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் எந்தச் சாமான் தொல்லை தருகிறதோ, அதைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து உங்கள் காரில் ஏறியபோது எப்படி இருந்தது?

இந்தக் கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டார். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதற்குத்தான்.

வெட்கமாக இருந்தது. ஸ்டியரிங் களிபோல் இருந்தது. டயர் சத்தம் காதை அடைத்தது. ஊருக்குள் மென்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, வளைவில் தள்ளாட்டமாகத் தெரிந்தது. ஏழு வருடக் குடித்தனத்தில் முதல் முறையாக என் காரை அந்நியன்போல் பார்த்தேன்.

அப்போதுதான் ஒரு சின்ன விஷயம் நினைவுக்கு வந்தது. ஆக்டேவியாவில் பெட்ரோல் மூடிக்குள் ஒரு பிளாஸ்டிக் சுரண்டி சொருகி வைத்திருப்பார்கள், கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட. சிட்னியில் அதற்கு வேலை கிடையாது. ஆனால் அதே சுரண்டியில் டயர் பட்டனின் ஆழத்தை அளக்கும் அளவுகோலும் இருக்கிறது. ஷோரூமில் விளையாட்டாக அதை எடுத்து, பக்கத்தில் நின்ற என் கேம்ரியின் முன் டயரில் வைத்துப் பார்த்திருந்தேன். இரண்டு மில்லிமீட்டர். இங்கே சட்டப்படி 1.5க்குக் கீழே போகக் கூடாது. அந்த நேரத்தில் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பங்கில் நிறுத்திக் காற்றும் பார்த்தேன். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 35 என்று இருக்கிறது. என் முன்சக்கரங்களில் 28. எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று மனைவி கேட்டார். பேச்சை மாற்றினேன்.

அடுத்த வாரம் நாலு டயரும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, காற்றைச் சரியாக வைத்து, அதே கால்ஸ்டன் பாதையில் தனியாகப் போனேன். இரண்டுக்கும் நான் உணர்ந்த வித்தியாசத்தில் பாதிக்குப் பாதி காணாமல் போய்விட்டது. மீதிப் பாதி உண்மையானது, அது ஸ்கோடாவுடையது. முதல் பாதி என் சோம்பேறித்தனத்துடையது. தேய்ந்த டயரில் ஓடும் பழைய காரையும் கழுவித் துடைத்து நிறுத்திய காரையும் ஒப்பிட்டுத்தான் நம்மில் பலர் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறோம். எனக்கும் பேனா கைக்கு வந்துவிட்டது, தப்பித்தேன்.

பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?

கேம்ரியில் எனக்கு நூறு கிலோமீட்டருக்கு 5.2 லிட்டர் ஆகிறது. டெஸ்ட் டிரைவில் வேகன் காட்டியது 11, ஆனால் அன்று நான் ஓட்டிய லட்சணத்துக்கு அது நியாயம். நிதானமாக ஓட்டினால் 8.5 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். கேம்ரிக்கு 780 லிட்டர், வேகனுக்கு 1,275. ஏறத்தாழ 500 லிட்டர் கூடுதல். அதுவும் டர்போவுக்கு 95 ஆக்டேன் பிரீமியம் போட வேண்டும். டயர் விலையில் 19 அங்குலம் தனிக் கதை.

பையன் பி-பிளேட், அதாவது புது லைசென்ஸ்காரன். அவன் ஓட்டலாமா?

நியூ சவுத் வேல்ஸில் 2014 ஆகஸ்டுக்கு முன் என்றால் டர்போ பெட்ரோல் என்ற ஒரே காரணத்துக்கே மறுத்திருப்பார்கள். இப்போது எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு: டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. இந்த வண்டி ஒன்றரை டன் சுமார், 180 கிலோவாட். வகுத்தால் 120 பக்கம் வருகிறது. ஆனாலும் நீங்கள் பார்க்கும் குறிப்பிட்ட மாடலை அரசு போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். சிவப்பு பி-பிளேட்டுக்கு 90தான் உச்ச வேகம் என்பது எந்த வண்டிக்கும் மாறாது. இன்சூரன்ஸில் அவன் பெயரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதைக் கேட்டுவிட்டு, உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

ஆர்.எஸ். என்றால்?

ராலி ஸ்போர்ட். 1970களில் ஸ்கோடா பந்தயங்களுக்கென்று செய்த வண்டிகளின் பெயர். அவற்றில் 130 ஆர்.எஸ். 1977 மான்டே கார்லோ ராலியில் தன் வகுப்பில் முதலிடம் வாங்கியது. குடும்ப வேகனுக்குப் பந்தய எஞ்சினா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1994இல் வால்வோ கம்பெனி 850 எஸ்டேட்டை பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்திலேயே இறக்கியது. அதே காலத்தில்தான் ஆடி, போர்ஷேவின் கைவண்ணத்தோடு ஆர்.எஸ். 2 என்ற 315 குதிரைசக்தி டர்போ வேகனை விற்றது. சாமான் ஏற்றும் வண்டி வேகமாகவும் ஓடலாம் என்பது ஐரோப்பாவில் பழைய செய்தி.

சென்னையில் கிடைக்குமா?

ஆர்.எஸ். வேகன் கிடைக்காது. ஆக்டேவியா ஆர்.எஸ். 2004லேயே இந்தியாவுக்கு வந்தது, ஆனால் வேகன் உடம்பில் அல்ல, வழக்கமான உடம்பில். 2020இல் 200 வண்டிகள், 2025இல் 100 வண்டிகள் என்று எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள். வேகன் மேல் நம் ஊருக்கு ஏனோ ஆசை வரவில்லை. மாருதி பலேனோ ஆல்டுரா, டாடா இண்டிகோ மரினா, எல்லாம் வந்த சுவடு தெரியாமல் போயின. என் மாமா ஒருவர் மரினா வைத்திருந்தார். தெருவில் எல்லோரும் ஆம்புலன்ஸ் என்று கேலி செய்ததில் மூன்றே வருடத்தில் விற்றார். வாங்கியவர் பூக்கடைக்காரர், இன்னும் ஓட்டுவதாகக் கேள்வி.

டெஸ்ட் டிரைவில் எதைக் கட்டாயம் கேட்க வேண்டும்?

இடித்தால் நம் பங்கு எவ்வளவு என்று. கையெழுத்து வாங்கும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். நான் போன இடத்தில் அது பல ஆயிரம் டாலர். படித்த பிறகுதான் சாவியை வாங்கினேன். இன்னொன்று, அவர்கள் சொல்லும் ரூட்டில் போகாதீர்கள். அது எப்போதும் வழவழப்பான ரோட்டில் நாலு இடது திருப்பமாக இருக்கும். உங்கள் வீட்டு வாசல் வரை போய், உங்கள் ஷெட்டில் விட்டுப் பாருங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடமாவது வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிப் பின்சீட்டில் உட்காருங்கள். ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்க இந்த வண்டியில் திருகு கிடையாது, எல்லாம் தொடுதிரையில்தான். நின்றுகொண்டிருக்கும்போது அழகாக இருக்கிறது. ஓடும்போது செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியில், வாங்கினீர்களா?

இல்லை. புது டயரில் கேம்ரி இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று மனைவி கணக்குச் சொல்லிவிட்டார், அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. வீணை பழையபடி பின்சீட்டில்தான் வருகிறது. அந்த வண்டி விற்றுவிட்டதா என்று விளம்பரத்தை நேற்றும் திறந்து பார்த்தேன். இன்னும் விற்கவில்லை.